ரெஜிஸ் தோட்டத்து லீக்ஸ்

வட பிரான்சின் லான் ஊரில் பிறந்து, லான் ஊரிலேயே கல்யாணம் கட்டி, பள்ளிக்கூடக் கேண்டீனில் காலமெல்லாம் உருளைக்கிழங்கு மசித்து ஓய்வும் வாங்கிவிட்ட எலியானுக்கு, தன் ஊர்ப் பேராலயக் கோபுரத்தில் மாடுகள் நிற்கின்றன என்பது அறுபத்து மூன்றாவது வயதில்தான் தெரிந்தது. அதையும் துலூஸிலிருந்து அவளுடைய பெரியப்பா மகள் மொனிக் போன் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

"மாடா? எந்தக் கோபுரத்துல?"

"உன் வீட்டுக்கு மேல நிக்குதே, அந்தக் கோபுரத்துலதான்டி. டிவில காட்டினான். கல்லு மாடு, வரிசையா எட்டிப் பாக்குது. நீ பாத்ததே இல்லையா?"

எலியான் போனைக் காதில் வைத்தபடியே சமையலறை ஜன்னலுக்குப் போனாள். மலை அங்கேயேதான் இருந்தது. கோபுரங்களும் இருந்தன. அவற்றின் நடுவில் துருத்திக்கொண்டு நிற்பவை, கொத்தனார்கள் கூலித் தகராறில் பாதியில் விட்டுப்போன கற்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது உற்றுப் பார்த்தால், ஆமாம், கொம்பு.

இதில் அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. மலைக்கு மேலே பேராலயம், கோட்டைச் சுவர், நகராட்சி, கோர்ட். மலைக்குக் கீழே ரயில் நிலையம், தண்டவாளம், நாங்கள். கீழூர்க்காரர்கள் மேலே போவது இரண்டே காரியத்துக்கு. கல்யாணத்தைப் பதிய, இல்லாவிட்டால் அதை ரத்து பண்ண. எலியான் முதல் காரியத்துக்குப் போய் வந்ததோடு சரி.

ஈஸ்டர் லீவுக்குத் தானும் புருஷனும் வருவதாகவும், எலியான்தான் கூட நின்று ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்றும் மொனிக் சொல்லிவிட்டாள். எலியான் உடனே ஒரு திட்டமும் சொன்னாள், தினம் பத்துப் பேரைச் சுற்றிக் காட்டுகிறவள் மாதிரி. முதல் நாள் காலை மேலூர். மத்தியானம் வீட்டில், வெங்காயத்தாளின் தடித்த அண்ணன் மாதிரி இருக்கும் லீக்ஸை மாவுக்குள் வைத்துச் சுட்ட ஃப்ளமீஷ். சாயங்காலம் ரெஜிஸின் தோட்டம். மேலூரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தோட்டப் பக்கம் போயும் வருஷக்கணக்காகிவிட்டது; அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அது அவளுடைய பெருமை என்பதுதான்.

ரெஜிஸ் அவள் புருஷன். ரயில்வே யார்டில் பெட்டிகளைக் கோத்துவிடும் வேலையில் இருந்தவன். அதிகம் பேச மாட்டான். இரண்டு பெட்டி மோதும் சத்தத்தில் வாழ்நாள் கழிந்தவனுக்கு மனிதச் சத்தம் ஒரு பொருட்டில்லை. ரயில்வேக்காரர்களுக்கென்று தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் துண்டு துண்டாகத் தோட்டம் உண்டு. நிலம் சங்கத்துடையது, உழைப்பு நம்முடையது. களை மண்டவிட்டால் கமிட்டி வந்து பார்க்கும், எச்சரிக்கும், பிறகு பிடுங்கி வேறொருவனுக்குக் கொடுத்துவிடும். எங்கள் பக்கத்தில் ஒருவன் குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடந்தால்கூட மறுநாள் நிமிர்ந்து நடக்கலாம். களைக்காகத் தோட்டம் பறிபோனவன் நடக்க முடியாது. ரெஜிஸின் லீக்ஸோ வரிசை கட்டி நிற்கும், பட்டாளம் மாதிரி. சனிக்கிழமை காலையில் சைக்கிளில் போவான், மத்தியானம் கூடை நிறையக் கொண்டுவந்து மேஜையில் போடுவான். இந்த ஒன்றிரண்டு வருஷமாக விளைச்சல் இன்னும் அழகு. எலியான் அதைத் தெருவெல்லாம் காட்டிவிட்டுத்தான் வெட்டுவாள்.

திட்டத்தைக் கேட்டதும் ரெஜிஸ் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. தோட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது, மண்ணும் நத்தையும்தானே, துலூஸில் இல்லாத நத்தையா என்றான். சரி, மேலூருக்காவது என்கூட வா, மொனிக் முன்னால் திருதிருவென்று முழிக்காமல் ஒரு ஒத்திகை பார்த்துவிட்டு வரலாம் என்றாள்.

"என் முட்டி அந்த மலை ஏறுமா?"

"பஸ் ஏறும்."

"பஸ்ஸை விட்டு இறங்கினா முட்டியும் எங்கூடத்தானே இறங்கும், கோழிக்குஞ்சே."

கோழிக்குஞ்சே என்று அவன் கூப்பிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எலியான் தனியாகவே போவதென்று முடிவு பண்ணினாள். அவனிடம் சொல்லவில்லை. புருஷன் தோட்டத்துக்குப் போகிற சனிக்கிழமையே வசதி.

முதல் அடி ரயில் நிலையத்து வாசலிலேயே விழுந்தது. அங்கே கம்பியில் ரெஜிஸின் சைக்கிள் பூட்டி நின்றது. கூடையைக் காணவில்லை. தோட்டம் இருப்பது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். இங்கே சைக்கிளுக்கு என்ன வேலை என்று யோசிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. பஸ் வளைந்து வளைந்து ஏற, அவள் சைக்கிளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மேலே இறங்கியதும் பேராலயத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். இவ்வளவு பெரிதாக இருக்குமென்று யாரும் சொல்லவில்லை. கீழிருந்து பார்த்தால் அது ஜன்னலில் வைக்கிற பொம்மை. வாசல் வளைவு ஒவ்வொன்றும் ஒரு வீட்டை விழுங்கும். வாயைத் திறந்தபடி அந்த வளைவுக்குள் போனவள், வெளியே திரும்பிச் சதுக்கத்தைப் பார்த்தாள். சதுக்கத்தில் நாலைந்து காய்கறிக் கடை. ஒரு கடைக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில், முட்டி ஏறாத ரெஜிஸ் உட்கார்ந்திருந்தான்.

எலியான் கல் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டாள்.

கடைக்காரிக்கு ஐம்பது வயது இருக்கும், சிவந்த முழங்கை, சிரித்த முகம். அவள் குனிந்து ரெஜிஸின் சட்டைக் கைப்பட்டிப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். அவனும் குழந்தை மாதிரி கையை நீட்டிக்கொண்டிருந்தான். பிறகு அவள் ஒரு கோப்பையில் பாதிக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். ஏதோ சொன்னாள். ரெஜிஸ் சிரித்தான். வீட்டில் அவன் பல் தெரிந்து எவ்வளவு நாளாகிறது என்று எலியான் யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. காதுக்குள் யார்டுப் பெட்டிகள் மோதிக்கொண்டன. அந்தக் கோர்ட் வேறு பேராலயத்துக்குப் பக்கத்திலேயே, வா வா என்கிற மாதிரி இருந்தது.

என்ன சொல்லி அறைவது என்று வார்த்தைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவளால் நம்ப முடியாத காரியம் நடந்தது. ரெஜிஸ் எழுந்தான். கடைக்காரி எடுத்துக் கொடுத்த லீக்ஸ் கட்டை வாங்கினான். கழுவி, வேர் நறுக்கி, வெள்ளை வெளேரென்று பளபளக்கிற லீக்ஸ். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சுவரோரம் நகராட்சிக்காரர்கள் பூச்செடி வைத்திருக்கிற பாத்திக்குப் போனான். குனிந்து மண்ணை அள்ளி, ஒவ்வொரு லீக்ஸாக, வேர்ப்பக்கம், இலைப்பக்கம் என்று நிதானமாகப் பூசினான். குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி. கூடையில் அடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான். முட்டி நன்றாகவே நடந்தது.

சட்டைக் கைப்பட்டியைக் கூட எலியான் தாங்கியிருப்பாள். இந்த மண்ணைத் தாங்க முடியவில்லை. போன வாரம்கூடக் குழாயடியில் அரைமணி நேரம் நின்று கழுவியிருக்கிறாள், தோட்டத்து மண் வாசனையே தனி என்று சொல்லிக்கொண்டு.

பஸ் மறைந்ததும் கடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"லீக்ஸ் வேணுமா மதாம்? நம்ம தோட்டத்துது, நல்லா கழுவி வெச்சிருக்கேன்."

"மண்ணோட கிடைக்குமா?" என்றாள் எலியான். குத்தலாகத்தான் கேட்டாள்.

கடைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் பெயர் கோரின். கெட்ட எண்ணமில்லாத வாய், திறந்தால் மூடாது. மண் கேட்கிற இரண்டாவது ஆள் நீங்கள்தான் என்றாள். முதல் ஆள் இப்போதுதான் போகிறார், பாவம் என்றாள். அந்தப் பாவத்தில் எலியானின் கை தானாகக் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டது.

கோரின் சொன்னது இதுதான். கீழூரில் ரயில்வே ஆளாம். கை நடுங்குகிற வியாதியோ என்னவோ, வலது கை சொன்னபடி கேட்பதில்லை. மண்வெட்டி பிடிக்க முடியாமல் போய், களை ஏறி, கமிட்டி வந்து பார்த்துத் தோட்டத்தைப் பிடுங்கிவிட்டதாம். கூடத் தோட்டம் போடுகிறவர்களும் அவர் வீட்டுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்களாம். இரண்டு வசந்தம் ஆகிறது. கோப்பையை நிரப்பிக் கொடுத்தால் பாதி சட்டைக்குப் போய்விடும், அதனால்தான் பாதி ஊற்றுவது. கைப்பட்டிப் பொத்தானும் அப்படித்தான், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வருமா?

"ஏன் முசியே, காய் வாங்க மலை ஏறணுமா, கீழயே கடை இருக்கேன்னு ஒருநாள் கேட்டேன். கீழ எல்லாருக்கும் என்னைத் தெரியும், மேல எங்க ஆளுங்க தலைகீழா நின்னாலும் வர மாட்டாங்கன்னார். அவரு பொண்டாட்டி ஊரெல்லாம் பெருமை பேசுமாம், எங்க வீட்டுக்காரர் தோட்டம்னு. அந்தப் பெருமையைப் பிடுங்க மனசில்லையாம்."

எலியான் ஒன்றும் வாங்கவில்லை. நன்றி சொன்னாளா என்றும் தெரியாது. மலைச் சுவர் ஓரமாக நடந்தாள், நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. போன குளிர்காலத்தில் ரெஜிஸ் சூப் பிடிக்காது என்று திடீரென்று சொன்னான். நாற்பது வருஷம் குடித்த சூப். வயசானதும் நாக்கு மாறுமா என்று அவள் கேலி பண்ணினாள். கோப்பை உடைந்தபோதெல்லாம் யார்டுக் கை, முரட்டுக் கை என்று திட்டினாள். சட்டையை விட்டுவிட்டு ஸ்வெட்டரே போட்டுக்கொண்டு திரிந்தபோது, மேலூர்க்காரன் மாதிரி ஸ்டைலா என்று கேட்டாள். சனிக்கிழமை மட்டும் சட்டை போட்டதையும் பார்த்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள். கோபுரத்து மாடுகளைப் பார்த்த மாதிரிதான்.

வீட்டுக்கு வந்தபோது லீக்ஸ் மேஜையில் இருந்தது. ரெஜிஸ் ஸ்வெட்டருக்கு மாறியிருந்தான்.

"எங்க போயிருந்தே? இந்த வாரம் நல்லா பருத்திருக்கு பாரு."

எலியான் கோட்டைக் கழற்றவில்லை. எதிரில் உட்கார்ந்தாள்.

"கையைக் காட்டு."

இடது கையை நீட்டினான்.

"இன்னொண்ணு."

ரெஜிஸ் அவளைப் பார்த்தான். அவளுடைய கோட்டைப் பார்த்தான். கோட்டுப் பையில் பஸ் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தான். அது அங்கே அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டது. பக்கத்தில் கிடந்த முள்கரண்டி கலகலவென்று ஆடியது. இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இந்தச் சத்தத்தைத் தன்னிடமிருந்து எங்கே ஒளித்து வைத்திருந்தான் என்று எலியானுக்குப் புரியவில்லை. தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள். அதுவும் சேர்ந்து ஆடியது.

"டாக்டர்கிட்ட போனியா?"

"போகல. போனா அதுக்கு ஒரு பேர் வெச்சுடுவார்."

"வெக்கட்டும். பேர்கூட இல்லாத ஒண்ணை ரெண்டு வருஷமா வீட்டுல தங்க வெச்சிருக்கே. வாடகையும் தராம."

அவன் சிரிக்கவில்லை. மொனிக் வந்து போகட்டும், அதுவரைக்கும் தோட்டம் இருக்கட்டும் என்றான். இருப்பது என்றால் எப்படி இருப்பது என்று அவள் கேட்கவில்லை. பழைய தோட்டத்துக்குப் புதிதாக வந்தவனிடம் கெஞ்சி, ஒரு சாயங்காலத்துக்கு வாங்கிக்கொள்ள அவன் ஏற்கெனவே பேசி வைத்திருந்தான். அதையும் அவனே சொன்னான், தலையைத் தூக்காமல். அன்றைக்கு அவளுக்கு விழுந்த கடைசி அடி அது. தன் மண்ணில் நிற்க இன்னொருத்தனிடம் கெஞ்சியிருக்கிறான். அதுவும் மொனிக்குக்காக இல்லை.

எலியான் போனை எடுத்து மொனிக்கைக் கூப்பிட்டாள். ரெஜிஸ் எழுந்து வெளியே போகப் பார்த்தான். கையை விடவில்லை அவள்.

"மொனிக், திட்டத்துல ஒரு மாத்தம். தோட்டம் கிடையாது. ரெஜிஸ்கிட்ட இப்ப தோட்டம் இல்ல. ரெண்டு வருஷமாச்சு. கை சரியில்ல அவனுக்கு, திங்கக்கிழமை டாக்டரைப் பாக்கப் போறோம்."

சொல்லிவிட்டாள். தெரு முழுக்கப் பேசிய பெருமையை ஒரே மூச்சில் கீழே போட்டுவிட்டாள். ரெஜிஸ் கண்ணை மூடிக்கொண்டான். அந்தப் பக்கம் மொனிக் கேட்டாள்.

"அப்ப நீ போட்டோ எடுத்து அனுப்பினியே, அந்த லீக்ஸெல்லாம் யாரு வளத்தது?"

எலியான் மேஜையைப் பார்த்தாள். மண் பூசிய லீக்ஸ் வரிசையாகக் கிடந்தது. புருஷன் ஒற்றைக் கண்ணைத் திறந்து, என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தான்.

"மேலூர்ல ஒருத்தி, கோரின்னு பேரு. நல்லா வளக்கறா, வாய்தான் மூடாது. நீ வந்ததும் முதல்ல அவகிட்டதான் போறோம், நாலு பேரும். ரெஜிஸுக்கு வழி நல்லாத் தெரியும்."