மாறிப்போன ஃபிலிம் பேக்

போன வருஷம் சித்திரை வெயிலில் நடந்தது இது. ஆழ்வார்பேட்டையில் நாங்கள் இருந்த பழைய குடியிருப்பை இடித்துக் கட்டுவதாக முடிவாகி, எல்லோரும் வீடு காலி செய்துகொண்டிருந்தோம். சிலர் கே.கே. நகர், சிலர் அசோக் நகர். குடித்தனக்காரர்கள் பலர் இனி திரும்பப் போவதில்லை. கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு வீட்டாரையும் மாடிப்படியில் உட்கார வைத்து என் ஃபிலிம் கேமராவில் படம் எடுத்துத் தருவதாக நான்தான் சொன்னேன்.

அந்தக் கேமராவில் ஃபிலிம் சுருள் இருப்பது பின்னால் கழற்றி மாட்டும் ஒரு பெட்டியில். ஃபிலிம் பேக் என்போம். ஃபிலிமைச் சுற்றுவதற்குக் கொஞ்சம் இறுக்கமாக இருந்ததால், படம் எடுப்பதற்கு முந்தைய வாரம்தான் தி.நகரில் கேமரா பழுது பார்க்கும் ஒரு கடையில் கொடுத்துச் சரிபார்த்து வாங்கியிருந்தேன்.

எல்லோரையும் எடுத்து முடித்து, ஃபிலிமைக் கழுவி வாங்கியபோது அழுகையே வந்துவிட்டது. ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் ஏறியிருந்தது. மாடி வீட்டு அம்மாவின் முகத்தில் வாட்ச்மேன் குழந்தைகளின் கால்கள். அதற்குள் பாதிப் பேர் போய்விட்டார்கள்.

கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ஃபிலிமைக் கையில்கூட வாங்கவில்லை. "செல்போன்ல படம் எடுத்துகினு இருந்தவங்க நீங்க. ஃபிலிம் மாட்டத் தெரியலன்னா மெஷின் இன்னா மேடம் பண்ணும்?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னால், என் கணவரும், "அவருக்குத் தெரியாதா? நீதான் அவசரத்துல தப்பா மாட்டியிருப்ப" என்றார். கொடுமை என்னவென்றால், நானும் அதை நம்பினேன்.

புது வீட்டுக்குப் போய்ச் சில மாதம் கழித்து, வீணான ஒரு சுருளை மாட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறை சுற்றியதும் பெட்டியைக் கழற்றி, ஃபிலிம் தெரியும் சதுரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டேன். கடைசியில் சுருளை விரித்தால், முதல் சில கட்டங்கள் சரி. அப்புறம் ஒன்றன்மேல் ஒன்று. மறுபடி மாட்டினேன், இன்னும் நிதானமாக. அதே கதை. அப்போதுதான் பெட்டியை முழுதாகத் திறந்து பார்த்தேன். வெளிக்கூட்டில் ஓர் எண், உள்ளே ஃபிலிம் சுற்றும் பகுதியில் வேறோர் எண்! இரண்டும் ஒரே எண்ணுள்ள ஜோடியாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஃபிலிம் சுற்றும் அளவு பிசகிவிடும். கேமராவை எனக்கு விற்றவர் அதைக் காட்டித்தான் விற்றார். அப்படியென்றால் கடையில் வேறு யாருடைய உள்பகுதியையோ எடுத்து எனக்கு மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

கடைக்குப் போன் செய்தேன். "இங்க யாரும் எதையும் மாத்தல" என்று வைத்துவிட்டார்.

ஃபிலிம் கேமரா ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு எண்களையும் போட்டேன். மயிலாப்பூரிலிருந்து ஒருவர் பதில் அனுப்பினார், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பெட்டியிலும் அதே இரண்டு எண்கள், ஆனால் இடம் மாறி. என் பெட்டியின் உள்பகுதி அவரிடம் இருந்தது. அவருடையது என்னிடம்.

அவர் வீட்டுக்குப் போனேன். அவரும் அதே சமயத்தில் அதே கடையில் கொடுத்திருக்கிறார். அவருக்கும் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்திருக்கின்றன. அவர் மனைவிதான் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "'வயசாச்சு பாய், உங்க கை நடுங்குது, அதான்'னு அந்தக் கடைக்காரரு சொல்லிட்டாரும்மா. இவரு பயந்துபோய் நரம்பு டாக்டர்கிட்ட போய், ஸ்கேன் எல்லாம் எடுத்தாரு. ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்லியும் நம்பல. கேமராவை அலமாரியில வெச்சுப் பூட்டிட்டாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் படங்கள் போனதற்குக்கூட அவ்வளவு கோபம் வரவில்லை.

அவர்கள் சாப்பாட்டு மேஜையிலேயே உள்பகுதிகளை மாற்றிக்கொண்டு, பேனாக் கோடு போட்டுப் பார்த்தோம். இருவருக்கும் கட்டங்கள் வரிசையாக, இடைவெளி விட்டு வந்தன. அவர் அந்த ஃபிலிமை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் இருவரும் கடைக்குப் போனோம். எல்லாவற்றையும் காட்டினேன். கடைக்காரர் ஒரு நிமிஷம் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் இப்ப சரியாயிட்ச்சில்ல? அப்புறம் இன்னா?" என்றார். ஒரு ஸாரிகூட இல்லை. நான் கத்திவிட்டேன். ரோட்டில் போனவர்கள் நின்று பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். பெரியவர் மட்டும் கத்தவில்லை. இரண்டு கைகளையும் அந்த ஆளின் முகத்துக்கு நேரே நீட்டினார். "நடுங்குதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார். கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் கட்டடம் இப்போது இல்லை. அந்த மாடிப்படிப் படங்களை இனி யாராலும் எடுக்க முடியாது. ஆனால் எனக்கு இன்றும் ஆறாதது அது இல்லை. தன் வேலையில் வந்த பிழையை மறைக்க ஒருவர் போகிறபோக்கில் சொன்ன வார்த்தையை நம்பி, நல்ல கைகளை ஒரு மனிதர் இத்தனை மாதம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாரே, அதுதான். அதனால் இப்போதெல்லாம் யார் எவ்வளவு அடித்துச் சொன்னாலும், தவறு என்னுடையதுதான் என்று தலையாட்டுவதற்கு முன், நானே ஒரு முறை திறந்து பார்த்துவிடுகிறேன்.