பாஞ்சாலை கடல் தாண்டிய நாள்

பாஞ்சாலை மலையை விட்டுக் கீழே இறங்குவதே அபூர்வம். பிரிஞ்சாங் ஊருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து கிள்ளி, அங்கேயே தாலி கட்டிக்கொண்டு, அங்கேயே அதை இழந்தவள். ஆறு பெருகி ஓடிய ஒரு நாளில், கூட இருந்தவர்கள் பொறு பொறு என்று கத்தியும் கேளாமல் தண்ணீரில் இறங்கிவிட்டான் அவள் புருஷன் சுப்பன். மறுநாள்தான் கிடைத்தான்.

மகள் திலகத்துக்கு லுமுட் கரைக்கு எதிரே ஒரு தீவில், கடலோர விடுதி ஒன்றில் துணி துவைக்கும் வேலை. எண்பத்தாறாம் வருஷத் தீபாவளிக்கு வந்தவள், அந்த விடுதிக்குப் படகு ஓட்டும் ஆண்டியப்பனைக் கட்டிக்கொள்ள ஆசை என்றாள்.

"தண்ணியில பொழைக்கிறவனா? நான் இருக்கிற வரைக்கும் நடக்காது."

"ஒரு தடவ வந்து அவர பாரும்மா. அப்புறம் வேணாம்னு சொல்லு."

வேண்டாம் என்பதை அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம் என்றுதான் பாஞ்சாலை தானா ராத்தா பட்டணத்தில் பஸ் ஏறினாள். லுமுட்டில் கடலைக் கண்டதும் கரையிலிருந்து நாலடி தள்ளியே நின்றுகொண்டாள்.

ஆண்டியப்பன் அவளைப் படகின் நடுவில் உட்காரவைத்து, மிதவைச் சட்டையை மாட்டிவிட்டான். விடுதியில் தங்கக் கோலாலம்பூரிலிருந்து வந்த இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். பாதிக் கடல் தாண்டியிருப்பார்கள். தெற்கே வானம் கறுத்தது. அவன் சட்டென்று படகைத் திருப்பினான்.

"விடுதி அந்தா தெரியுதேலா! நேரா போ!" என்று கத்தினார் ஒருவர்.

"காத்து வருது சார். போகமுடியாது."

"உன் மேனேஜர்கிட்ட சொல்றேன் பாரு!"

"சொல்லுங்க சார்."

லுமுட் கரைக்கே திரும்பிக் கயிற்றைக் கட்டி முடிக்கவும் காற்று வந்து அறையவும் சரியாக இருந்தது. தீவே மறைந்துபோனது. கடல் வெள்ளையாகக் கொதித்தது.

"தம்பி, உனக்குப் பயமா?" என்று கேட்டாள் பாஞ்சாலை.

"பயம்தாம்மா. தெனமும் பயந்துகிட்டுதான் ஓட்டுறேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இந்தப் பயம் அன்றைக்கு ஆற்றங்கரையில் சுப்பனுக்கு இல்லாமல் போனதே.

மழை விட்டதும் மறுபடி கிளம்பினார்கள். விடுதியின் படகுத்துறையில் பணக்காரர்களின் வெள்ளைப் படகுகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. பலகைப் பாலத்தில் தொப்பலாக நனைந்து நின்றிருந்தாள் திலகம்.

"என்னம்மா, சொல்லிட்டியா?"

"தையில நாள் பாக்கச் சொல்லு. கல்யாணம் நம்ம தோட்டத்துக் கோயில்லதான், ஆமா."

அப்படியே நடந்தது. ஆனால் மலைக் குளிரை யாரும் ஆண்டியப்பனிடம் சொல்லவில்லை. மணவறையில் அவன் வெடவெடவென்று நடுங்க, கொழுந்துக்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாஞ்சாலைதான் தன் கம்பளியை எடுத்துவந்து, பட்டு வேட்டிக்கு மேலேயே மருமகனைச் சுற்றிப் போர்த்திவிட்டாள்.