இடது பக்க நாற்காலி

இருபத்தாறு வருஷம் ஒரு எம்.எல்.ஏ.விடம் உதவியாளராக இருந்தேன். அவர் இறந்து மூன்று மாதம் ஆகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் என்னிடம் துக்கம் விசாரிக்கிறார்கள். நானும் தலையை ஆட்டி வைக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அப்படித்தான் இருக்கிறது.

தொகுதியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பட்டாளத்தார் என்றால் போதும். மீசை அரும்பும் வயதில் ராணுவத்துக்குப் போய், ஹவில்தார் வரை உயர்ந்து, எல்லையில் ஒரு போரையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். திரும்பும்போது இடது காது கேட்கவில்லை, வலது காதும் கொஞ்சம் மந்தம்; வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஊருக்கு ரோடு போடச் சொல்லி அதிகாரிகளிடம் நடையாய் நடந்தார். அந்த நடையே அவரைப் பஞ்சாயத்துத் தலைவராக்கி, பிறகு சட்டசபைக்கும் அனுப்பியது. ஆறு தடவை நின்றார், ஐந்து தடவை ஜெயித்தார்.

பட்டாளத்துப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. ஐந்தரைக்குச் சவரம், ஆறரைக்கு நாலு இட்லி, ஏழு மணிக்கு ஆபீஸ். பத்து மணிக்குப் பொதுக்கூட்டம் என்று நோட்டீஸில் போட்டிருந்தால் ஒன்பதே முக்காலுக்கு மேடையில் இருப்பார். அங்கே மைக்செட்காரரையும் எங்கள் இரண்டு பேரையும் தவிர ஒரு ஈ காக்கா இருக்காது. கட்சிக்காரர்கள் ஆடி அசைந்து பதினொன்றரைக்கு வந்து, "அண்ணன் சீக்கிரமே வந்துட்டீங்களே" என்று ஆச்சரியப்படுவார்கள். போரைப் பற்றி அவர் மேடையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கும் சேர்த்துக் கட்சிக்காரர்கள் பேசினார்கள். அவர் சுட்டு வீழ்த்திய எதிரிகளின் எண்ணிக்கை தேர்தலுக்குத் தேர்தல் கூடிக்கொண்டே போனது.

என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். முக்கொம்பு அணையில் ஷட்டர் பார்வையிட மந்திரி வருவதாக இருந்தது. வழக்கம்போல நாங்கள் முன்னாடியே போய்விட்டோம். தண்ணீரைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "குண்டு விழுந்தப்ப என் இடது பக்கம் ஒருத்தன் இருந்தான் தம்பி. ராமநாதபுரத்துப் பையன். என்னைப் பாத்து வாயத் தெறந்து என்னமோ சொன்னான். எனக்குக் காது போயிருச்சு. கொஞ்ச நேரத்துல அவனும் போயிட்டான். என்ன சொன்னான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது." சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மந்திரி ஒன்றரை மணி நேரம் லேட்.

முதல் ஐந்து வருஷம் அவர் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தார். மனு கொண்டு வருகிறவர்களிடம் உண்மையைச் சொன்னார். ஆகிற காரியமென்றால் "ஆகும்", ஆகாததென்றால் "நடக்காதும்மா, அலையாதீங்க". மருங்காபுரிப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அடுத்த தேர்தலில் மண்ணைக் கவ்வினோம். ஐந்து வருஷம் ஆபீஸில் நானும் அவரும் மின்விசிறியும்தான்.

மறுபடி ஜெயித்தபோது இனி இந்த விஷப்பரீட்சை வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். அவர் மேஜைக்கு எதிரே நாற்காலி போடுவதில்லை. எதிரே உட்கார்ந்து பேசினால் உரக்கப் பேச வேண்டும், ஹால் முழுக்கக் கேட்கும். அதனால் அவருக்கு வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என இரண்டு நாற்காலிகள். வாசலில் நான் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, எந்த நாற்காலி என்று கை காட்டுவேன். ராணுவக் குடும்பம், முதியோர் பென்ஷன், தெருவிளக்கு, ரேஷன் கார்டு எல்லாம் வலது பக்கம். வேலை, டிரான்ஸ்ஃபர், காலேஜ் சீட், பங்காளிச் சண்டை எல்லாம் இடது பக்கம்.

இடது பக்கம் உட்கார்ந்தவர்கள்தான் சந்தோஷமாகப் போனார்கள். ஒன்றும் காதில் விழாததால் அவர் குறுக்கே பேசுவதில்லை. அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டுவார். முடித்ததும் கையைப் பிடித்து "பாத்துக்கலாம்" என்பார். இப்படி ஒரு மனுஷனா என்று உருகிப் போவார்கள். அதற்குப் பிறகு நாங்கள் தோற்கவே இல்லை.

அவருக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். ஒரு நாள் ஆபீஸ் மூடும்போது இடது நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டு, "இன்னிக்கு இந்தப் பக்கம் எத்தனை பேரு?" என்றார். "பதினாலு பேருங்கய்யா" என்றேன். கை கழுவப் போய்விட்டார். காது மிஷின் ஒன்று டிராயரில் இருந்தது. அதை எடுக்கச் சொல்லி அவர் கேட்கவுமில்லை, நான் எடுத்துக் கொடுக்கவுமில்லை.

என் மனைவி நர்ஸ். கல்யாணமாகி நாலாவது வருஷம் அவளுக்கு மருங்காபுரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போஸ்டிங் போட்டார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். "அய்யாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு அதில் ஒரு வீம்பு. ஊருக்கெல்லாம் சிபாரிசுக் கடிதம் டைப் அடித்துக் கொடுக்கிறவன் தன் வீட்டுக்கு ஒன்று அடித்தான் என்ற பேச்சு வரக்கூடாது. பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

சட்டசபை நடந்த சமயம் நானும் அவரும் இரண்டு வாரம் சென்னையில் இருந்தோம். திரும்பி வந்த மறுநாள் காலை ஆபீஸில் நல்ல கூட்டம். மனு வாங்கிக்கொண்டே வந்தவன் நிமிர்ந்து பார்த்தால், வரிசையில் என் மனைவி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லீவு போட்டுவிட்டு, மற்றவர்களைப் போல டோக்கன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். மனுவை நீட்டினாள். டிரான்ஸ்ஃபர் மனு. ஹாலில் நாலைந்து பேருக்கு அவளைத் தெரியும், அவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன. நான் இடது பக்கம் கை காட்டினேன்.

யோசித்துச் செய்தேனா, கை தானாகப் போனதா என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதும் ஒரு சவுகரியம்தான்.

ஐந்து நிமிஷம் பேசினாள். அவர் தலையாட்டினார், கையைப் பிடித்தார், "பாத்துக்கலாம்மா" என்றார். முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தாள். நான் அந்த மனுவை மற்ற இடது பக்க மனுக்களோடு சேர்த்துக் கட்டி அலமாரியில் வைத்தேன். நாளைக்குத் தனியாக எடுத்து அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, முழுகாமல் இருப்பதாக என்னிடம் சொன்னாள். மூன்றாவது மாதம். அப்போதாவது எடுத்திருக்கலாம். உத்தரவு எப்படியும் இரண்டு மாதத்தில் வந்துவிடும், அய்யாவே தலையாட்டிவிட்டார் என்று அவள் அவ்வளவு உறுதியாக இருந்தாள். கட்டைப் பிரித்து எடுத்தால் இத்தனை நாள் அங்கே கிடந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். ஐந்தாவது மாதம் விராலிமலை தாண்டி பஸ்ஸில் அவளுக்கு வலி கண்டது. குழந்தை தங்கவில்லை. பஸ்ஸால்தான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை காலம் ஓட்டினேன். அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை.

அவள் பட்டாளத்தாரை ஒருநாளும் குறை சொன்னதில்லை. "அய்யா சொல்லித்தான் இருப்பாங்க. மேல எவனோ தடுத்துட்டான்" என்பாள். ஒவ்வொரு தேர்தலிலும் காலையிலேயே போய் அவருக்கு ஓட்டுப் போட்டாள். அவர் படுத்த படுக்கையானபோது ரசம் வைத்துக் கொடுத்தனுப்பினாள். இறந்த அன்று என்னைவிட அவள்தான் அழுதாள். நான் மாலைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அரியமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவருக்கு நினைவேந்தல் கூட்டம். இருவரும் போயிருந்தோம். அவரோடு சட்டசபையில் இருந்த இன்னொரு பழைய உறுப்பினர் பேசினார். நல்ல பேச்சுக்காரர், அழுத கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறவர். "பட்டாளத்தார் அஞ்சு தடவை ஜெயிச்ச ரகசியம் தெரியுமாங்க? ரெண்டு நாற்காலி!" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கேட்காத காதுப்பக்கம் உட்காரவைத்ததை, தலையாட்டியதை, மனுக்கள் அலமாரிக்குப் போனதை எல்லாம் நடித்தே காட்டினார். மண்டபம் குலுங்கியது. "இதையெல்லாம் ஏற்பாடு பண்ணின மூளை இங்கதான் இருக்கு. அண்ணே, கொஞ்சம் எழுந்து நில்லுங்க!" என்றார்.

எழுந்து நின்றேன். கைதட்டினார்கள். வேறென்ன செய்வது, கும்பிட்டேன். பெண்கள் வரிசையில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியதும் அவள் கேட்டாள்.

"நான் வந்த அன்னிக்கு ரெண்டு நாற்காலியும் காலியாத்தானே இருந்துச்சு?"

"ஆமா."

"நீங்கதானே கை காட்டுனீங்க?"

"ஆமா."

"அப்ப நான் சொன்னது எதுவுமே அவருக்குக் கேக்கலை."

கேட்கவில்லை என்றேன். அவள் கோபப்படுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். ஏதாவது ஒன்று வந்தால் எனக்கும் ஏதாவது வரும் என்று நினைத்தேன். அவள் வெளியே பார்த்தபடி, யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னாள்.

"நாள் தள்ளிப்போயிருக்குன்னு அன்னிக்கு அவர்கிட்ட சொன்னேன். அப்ப உங்களுக்கே தெரியாது. டாக்டர்கிட்ட காட்டி உறுதியானதும் சொல்லலாம்னு வச்சிருந்தேன். முதல்ல சொன்னது அவர்கிட்டத்தான். கையப் பிடிச்சாரா, ஆசீர்வாதம் பண்றாருன்னு நெனச்சேன்."