கவரோடு நட்ட கத்தரிச் செடிகள்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: பள்ளித் தலைமை ஆசிரியை, பக்கத்து அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர், படமெடுக்க வந்த அவர் மனைவி, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர், தோட்ட வேலை பார்க்கும் நான். கல்வி அதிகாரி இல்லை. அவருக்காகத்தான் நாங்கள் அத்தனை பேரும் வெயிலில் நின்றோம்.

அயனம்பாக்கத்தில் பள்ளிச் சுவருக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில், சங்கமும் பள்ளியும் சேர்ந்து தோட்டம் போட்டிருந்தன. சேர்ந்து என்றால், சங்கம் பெயர்ப் பலகை வைத்தது, பள்ளி தண்ணீர் கொடுத்தது, மண்ணில் நான் குனிந்தேன். எட்டாவதோடு நின்றவள் என்பதால் கூட்டத்தில் என்னிடம் யோசனை கேட்க மாட்டார்கள்.

பிள்ளைகள் போட்ட விதைகள் விரல் உயரம்தான் வந்திருந்தன. செயலாளருக்கு அது போதவில்லை.

"ஆபீசர் வர்றப்போ காய் தெரியணும்மா. நர்சரியில வாடகைக்கு எடுங்க. பிளாஸ்டிக் கவரோட புதைச்சிட்டு, சாயங்காலம் திருப்பிக் கொடுத்துடலாம்."

பெரிய படிப்புப் படித்தவருடைய விவசாயம் இது. ஆனாலும் போனேன். மறுக்கத் தெரிந்திருந்தால் என் பிழைப்பே வேறு மாதிரி இருந்திருக்கும்.

குமணன்சாவடி நர்சரிக்காரர் சிரித்தார். "செடிய வாடகைக்கு உடச் சொல்றியே, இன்னாக்கா இது, பந்தல்ல கட்ற வாழமரமா? சரி, ஒன் மூஞ்சிக்கோசரம் தரேன். கவரு கிழிஞ்சா செடி ஒன்னுது. துட்ட ஒன்னாண்டதான் கேப்பேன்."

காய் விட்ட இருபது கத்தரிச் செடிகள். ஒன்று எண்பது ரூபாய். ஒரு நாள் வாடகை முந்நூறைச் செயலாளர் கொடுத்தார். வாக்குக் கொடுத்தது நான். இரவெல்லாம் அந்தக் கறுப்புக் கவர்கள்தான் கண்ணுக்குள் நின்றன.

மறுநாள் பிள்ளைகள் வருமுன் இருபதையும் கவரோடு புதைத்து வைத்தேன். பதினொரு மணிக்கு, அதிகாரி வரவில்லை என்று தகவல் வந்தது. செயலாளர் அசரவில்லை. மனைவியைக் கூப்பிட்டு, பூவாளியைச் சாய்த்துப் பிடித்தபடி நாற்பது படம் எடுத்துக்கொண்டார். பூவாளியில் தண்ணீர் இல்லை.

திரும்பிப் பார்த்தால், காத்திருந்து சலித்துப்போன பிள்ளைகள் பாத்தியில் உட்கார்ந்து செடிகளைப் பிடுங்கி, கவரைக் கிழித்து, மறுபடி நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யக்கா, யாரோ ஒண்ணும் தெரியாதவங்க நட்டுக்கீறாங்க. கவரு அப்டியே கீது!" என்றாள் ஒருத்தி. "வேரு எங்கக்கா போவும்? நீங்கதான சொல்லிக் குட்த்தீங்க?"

அப்போது ஐந்து செடிதான் முடிந்திருந்தது. ஒரு அதட்டல் போட்டிருந்தால் மீதி பதினைந்தைக் காப்பாற்றியிருக்கலாம். என்னவென்று அதட்டுவது? கவரைக் கிழிக்காதே, இது பொய்த் தோட்டம் என்றா? வேர்மண் உதிராமல் என்ன அழகாக நட்டார்கள் தெரியுமா! இருபதையும் முடித்துவிட்டுக் கைகழுவப் போனார்கள்.

"நீங்க பார்த்துக்க வேணாமா?" என்றார் செயலாளர் என்னிடம். தலைமை ஆசிரியை வானத்தைப் பார்த்தார்.

சாயங்காலம் நர்சரிக்காரர் செடிகளின் விலையில் வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியை என்னிடம் வாங்கினார். சங்கம் தந்துவிடும், கமிட்டி ஒப்புதல் வரட்டும் என்றார் செயலாளர். அதற்குப் பிறகு மூன்று கமிட்டி கூடிவிட்டது. அந்தச் செடிகளின் கத்தரிக்காயைப் பையில் பறித்துக்கொண்டு போக மட்டும் அவருக்கு யார் ஒப்புதலும் தேவைப்படவில்லை.

சங்கம் எனக்குத் தரவேண்டியது, இன்றுவரை, ஆயிரத்து முந்நூறு ரூபாய்.