முடிவுரை வேண்டாம்

எண்பதுகளின் கடைசியில் பெருங்களத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வரலாற்றுத் தலைவர்களைப் பற்றிக் கட்டுரை எழுத வைப்பது என் தலையெழுத்து. ராஜாவோ ராணியோ, பிறந்தார், வளர்ந்தார், மறைந்தார். கடைசி வரி எல்லா நோட்டிலும் ஒன்றுதான்: ‘நாமும் அவர் வழி நடப்போம்.’ தாம்பரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபடியே திருத்துவேன். அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: தெரிந்ததையெல்லாம் கொட்டாதீர்கள், ஒரே ஒரு கேள்வியை எடுத்து அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள், முடிவுரை வேண்டவே வேண்டாம். பின்வரிசைப் பெண் ஒருத்திக்குத்தான் விளங்கியது. ஒரு பாளையக்காரரைத் தூக்கில் போட்ட வெள்ளைக்காரத் தளபதியை எடுத்துக்கொண்டாள். மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து நிற்க வைத்து, அவர்கள் கண்ணெதிரே அவரை ஏன் தூக்கில் போட்டான் என்பது அவள் கேள்வி. பார்த்தவர்கள் இனி வாயே திறக்கக் கூடாது என்பதற்காக என்று ஒரு பக்கத்தில் பதில். அப்பாடா, ஒருத்தியாவது யோசிக்கிறாளே என்று எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

அந்த மாதம் இன்ஸ்பெக்‌ஷன். அதிகாரி திருப்தியாகப் போனால் என் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று தாளாளர் வகுப்பு வாசலிலேயே, பிள்ளைகள் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் என் சம்பளத்தை விட்டால் வேறு வருமானம் கிடையாது.

அதிகாரியும் தாளாளரும் வகுப்புக்குள் வந்ததும் அந்தப் பெண்ணையே வாசிக்கச் சொன்னேன். அதிகாரி ஜன்னல் வழியாக ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாசித்து முடித்ததும் திரும்பி, “முடிவுரை எங்கம்மா?” என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள், தாளாளரைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்று, “நாமும் அவர் வழி நடப்போம்” என்றாள்.

அதிகாரி வெரிகுட் என்றார். தாளாளர் கை தட்டினார், வகுப்பும் சேர்ந்து தட்டியது. யார் வழியில் நடக்கப்போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கே என் வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, என்ன சொன்னாய் என்று தெரிகிறதா என்று கேட்டேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

“தெரியும் டீச்சர். அத்த சொல்லலன்னா உங்கள வேலைய வுட்டு அனுப்சிடுவாங்கல்ல?” என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள் நின்றாள். “பயமா இருந்துச்சி டீச்சர்.”