ஊத்தங்கரைக்குப் போன மஞ்சள் ரோஜா

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எனக்குப் பதினைந்து வயது. மாப்பிள்ளை ஊத்தங்கரைப் பக்கம். மழையை நம்பி நிலக்கடலையும் கேழ்வரகும் போடுகிற குடும்பம். எங்களுக்கு ஓசூர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி குடியிருந்த பங்களாவில் அப்பா தோட்ட வேலை பார்த்தார். அதிகாரி ஊரைவிட்டுப் போனபின் அங்கே வந்தவர்கள் ரோஜாப் பாத்தியை அழித்து முட்டைக்கோசு போடச் சொன்னார்கள். பிடுங்கி எறிய வேண்டிய செடிகளை அப்பா வேர்மண்ணோடு ஒவ்வொன்றாக வீட்டுக்குத் தூக்கி வந்தார். கொண்டுவந்து வைத்ததோடு அவர் வேலை முடிந்தது. வளர்த்தது நானும் அக்காவும்தான்.

ஓசூர்க் குளிருக்கு அந்தச் செடிகள் சொன்னபடி கேட்டன. காலையில் பனி விலக ஒன்பது மணி ஆகிவிடும். மொட்டு விரிய நான்கைந்து நாள் எடுத்துக்கொள்ளும். இதழ்கள் தடித்து, வெல்வெட்டுத் துணி போலிருக்கும். கறுஞ்சிவப்பு உண்டு, வெள்ளை உண்டு. ஒன்று மட்டும் மஞ்சள். அதுதான் என் செல்லம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தால் எனக்குத் தலைகால் புரியாது. அக்காவுக்குப் பிடித்தது துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தானாக வளர்ந்த பன்னீர் ரோஜா. துணி துவைக்கும்போது ஒரு பூவைக் கிள்ளிக் காதோரம் செருகிக்கொள்வாள்.

சந்தை நாளில் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கன்னடக்காரர் செடி விற்க வருவார். ஊத்தங்கரைக்கு எந்தச் செடி கொடுத்தனுப்பலாம் என்று அவரிடம் கேட்டேன்.

“அல்லி பிசிலு ஜாஸ்தியம்மா” என்றார். அங்கே வெயில் அதிகம். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி பாதித் தமிழில் சொன்னார். மஞ்சள் ரோஜா ஒட்டுச் செடி. வேர் ஒரு காட்டுச் செடியுடையது, மேலே இருப்பது வேறொன்று. கடும் வெயிலில் மேலே இருப்பது செத்துப்போகும். கீழே இருப்பது பிழைத்துக்கொள்ளும். மஞ்சள் எப்போதுமே நோஞ்சான். பன்னீர் ரோஜா அப்படியில்லை. வேரும் அதே, பூவும் அதே. தரைமட்டம் வரை கருகினாலும் மறுபடி அதுவாகவே எழுந்து வரும்.

இன்றைக்கு யார் என்னிடம் செடி கேட்டாலும் இதையேதான் சொல்கிறேன். எந்த ஊர், எவ்வளவு வெயில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதை யார் சுமப்பது என்று கேட்டுவிட்டுத்தான் பூவின் நிறத்தைப் பற்றிப் பேசுகிறேன். அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது.

அக்காவும் அவர் பக்கம்தான் பேசினாள். “எனக்குப் பன்னீரு ரோஜா போதும் பாப்பா. ஒரு குச்சிய ஒடச்சுக் குடு, நட்டுக்கிறன்.”

“அது எல்லா ஊட்டு வாசல்லயும்தான் இருக்குது. மொதமொதல்ல போற ஊட்டுக்கு அதையா எடுத்துக்கிட்டுப் போவ? ஓசூர்ப் பொண்ணு கொண்டாந்த செடின்னு அவங்க அசந்து போவணும்.”

அவள் சிரித்தாள். “சரி, நீ எதக் குடுக்கிறியோ அதையே எடுத்துக்கிறன்.” நான் கேட்டு அவள் இல்லையென்று சொன்னதே கிடையாது.

ஆவணியில் கல்யாணம். மண்ணெண்ணெய் டின்னைப் பாதியாக வெட்டி, மஞ்சள் ரோஜாவை அதில் வைத்துக் கொடுத்தேன். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தாள். கிருஷ்ணகிரியில் பஸ் மாறுவதற்குள் கூறைப்புடவையெல்லாம் செம்மண் ஆகிவிட்டது என்று, கூடப்போன அம்மா திரும்பி வந்து சொன்னாள்.

மார்கழியில் அப்பாவும் அம்மாவும் போய்ப் பார்த்தார்கள். செடியில் மூன்று பூ இருந்ததாம். நான் துள்ளிக் குதித்தேன்.

அதற்குப் பிறகு கார்டுதான். அக்காவுக்குப் படிக்க வரும், எழுத வராது. அவள் சொல்ல, மாமா எழுதுவார். சித்திரையில் வந்த கார்டில் இப்படி இருந்தது: ‘இங்கு வெயில் அதிகம். ஆனாலும் உன் ரோஜா நான்கு பூ பூத்தது. நான் சௌக்கியம்.’ அதை எடுத்துக்கொண்டு சந்தைக்கு ஓடினேன். செடிக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். “சித்திரையிலா? நாலா?” என்று கேட்டார். தலையைச் சாய்த்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வேறு ஆளுக்குச் செடி எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார். அவரை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஐப்பசியில் ஏழு பூ என்று அடுத்த கார்டு வந்தது.

இரண்டாம் வருஷம் ஆடிக்கு வந்தாள். மணிக்கட்டு எலும்பு தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வெயில் ஊர், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நான் கேட்டதெல்லாம் ரோஜாவைப் பற்றி.

“பூக்குது பாப்பா. பறிக்கத்தான் மனசு வரல” என்றாள்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று காலை துவைக்கிற கல்லடியில் நின்றுகொண்டிருந்தாள். பன்னீர் ரோஜாக் கிளையை வளைத்து முகத்தோடு வைத்திருந்தாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு கேட்டாள்: “இதுல ஒரு குச்சி எடுத்துக்கட்டா?”

“அது எதுக்கு? அதான் மஞ்ச ரோஜா பூக்குதே” என்றேன்.

கிளையை விட்டுவிட்டாள். எடுத்துக்கொண்டு போகவில்லை.

அதற்கடுத்த பங்குனியில் ஒரு மத்தியானம் ஊத்தங்கரையிலிருந்து ஆள் வந்தார். ஏழு மாதக் கர்ப்பம், ரத்தப்போக்கு நிற்கவில்லை, கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார். கர்ப்பமாக இருந்ததே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். அம்மா கால் முறிந்து மூங்கில் கட்டோடு படுத்திருந்தாள். எழுந்திருக்க முடியாமல் படுத்த இடத்திலேயே மார்பில் அடித்துக்கொண்டாள். அவளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு நானும் அப்பாவும் போனோம். முகம் பார்க்கக் கிடைத்தது. அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

மறுநாள் வெயில் ஏறியபின் வீட்டின் பின்பக்கம் போனேன். அங்கே அந்தச் செடி என் உயரத்துக்கு நின்றது. முள் நிறைந்த நீளக் கொம்புகள் வேலிமேல் விழுந்து படர்ந்திருந்தன. சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க, அது மட்டும் பச்சை. ஒரு பூ இல்லை. மொட்டுகூட இல்லை. உட்கார்ந்து அடியைப் பார்த்தேன். ஒட்டுக்கு மேலே விரல் நீளத்துக்குக் கறுத்த கட்டை. தழைத்ததெல்லாம் ஒட்டுக்குக் கீழேயிருந்து வந்தது. அது மஞ்சள் ரோஜாவே இல்லை. வேராக இருந்த காட்டுச் செடி.

மாமா வந்து பின்னால் நின்றார்.

“மொத சித்திரையிலயே மேல கருகிப்போச்சு” என்றார். “கீழ தழைஞ்சதும், பூ வரும், பூ வரும்னு ஊத்திக்கிட்டே இருந்தா.”

“கார்டுல நாலு பூ, ஏழு பூன்னு...”

“அவ சொன்னா, நான் எழுதினன். சித்திரைக்கு மொதல்ல ஏழுன்னுதான் சொன்னா. அப்பறம், ‘வேணாம், நாலுன்னு போடுங்க, இந்த வெயில்ல ஏழுன்னா நம்பமாட்டா’ன்னா.” சிரிக்கப் போனவர் போல வாய் கோணியது. “நெசத்தையே எழுதிடலாமேன்னு ஒருதடவ சொன்னன். ‘ஆசையாக் குடுத்துச்சு, மனசு ஒடிஞ்சிரும்’னுட்டா.”

அந்தக் கறுத்த கட்டையைத் தொட்டுப் பார்த்தேன். அவரே பேசினார்.

“இதுக்கு முன்னால ரெண்டு தடவ வயித்துல தங்கல பாப்பா. அதையும் எழுத வேணாம்னா. இந்தத் தடவ தங்கட்டும், பொறந்தப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தா.”

கிணறு கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் மேடேற வேண்டும். குடத்தை இடுப்பில் வைத்து யாரோ ஒரு பெண் ஏறி வந்துகொண்டிருந்தாள். “தண்ணிக்கு அவளேவா போனா?” என்று கேட்டேன்.

“ஊட்டுக்கு எங்கம்மாவும் நானும் கொண்டாந்துருவம். கொடம் தூக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. செடிக்கு மட்டும் அவளே போய்...” அங்கே நிறுத்திவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

அந்தத் தண்ணீரால்தான் அப்படி ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பின்னாலும் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்லவில்லை. அதை என்னை விட்டால் சொல்வதற்கு ஆளில்லை. நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அன்று ஒரே ஒரு குச்சி எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தால், பன்னீர் ரோஜா வீட்டார் குளித்த தண்ணீரிலேயே பிழைத்திருக்கும். இல்லை, ‘செடி செத்துவிட்டது’ என்று ஒரு கார்டு வந்திருந்தால், கீழே தழைத்ததில் மஞ்சள் பூ வராது, விட்டுவிடு என்று நான் பதில் போட்டிருப்பேன். அப்படி ஒரு கார்டு வர முடியாதபடி செய்ததும் நான்தான்.

ஓசூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வீட்டில் அம்மா எல்லாம் கேட்டாள். யார் யார் வந்தார்கள், எந்தப் புடவை கட்டினார்கள், பூவும் மஞ்சளும் சரியாக வைத்தார்களா. அழுது ஓய்ந்தபின், “அந்த ரோஜாச் செடி?” என்றாள். “அவ கையால வெச்சதாச்சே. நல்லா இருக்குதா?”

“இருக்குதும்மா. பூத்திருக்குது” என்றேன். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷம் கழித்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கு இரண்டாவது பெண் பார்த்திருந்தார்கள். பாரூர்ப் பக்கம். எங்களைக் கேட்காமல் தலையாட்ட மனமில்லை என்றார். வாசலிலேயே தயங்கி நின்றவரை அம்மா நொண்டிக்கொண்டே போய்க் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள். களியும் கீரையும் போட்டாள். “கட்டிக்கப்பா. எத்தன நாளு தனியா இருப்ப? அந்தப் பொண்ண நல்லா வெச்சுக்க” என்று சொல்லி அழுதாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு, நான் பயந்துகொண்டிருந்ததை அம்மா கேட்டாள். “எம்பொண்ணு வெச்ச ரோஜா இப்பவும் பூக்குதாப்பா?”

நான் சொன்ன பொய் அவருக்குத் தெரியாது. யாரும் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான் கதவோரம் நின்றிருந்தேன்.

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. “பூக்குதுங்க அத்த” என்றார். “போன மாசம் அஞ்சு பூ.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மஞ்சளா?” என்று கேட்டாள்.

“மஞ்சளுங்க” என்றார்.