வேன் இல்லாமல் பெந்தோட்டைக் கடலுக்கு

மாசி மாதம் ஒரு சனி, ஞாயிறு, திங்கள். என் அக்காவும் நானும் நோர்வூட்டிலிருந்து பெந்தோட்டைக்குப் போய் வந்தோம். வேன் கிடையாது, பஸ்ஸும் ரயிலும்தான். வந்து இரண்டு வாரமாகியும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனாலும் இதே வழியில் போக நினைப்பவர்கள் விவரம் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவிடுகிறேன். கோபம் இல்லாத பயணக் கட்டுரை வேண்டும் என்பவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா புஷ்பராணி. நோர்வூட் டவுனுக்கு ஏழு கிலோமீட்டர் மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். நான் ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் கடலுக்குப் போவது என்றால் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் சேர்ந்து வேன் பிடிப்பதுதான் வழக்கம். அடுப்பு, பானை, கோழி, பாட்டுப் பெட்டி எல்லாம் கூடவே ஏறும். எட்டு வருஷத்துக்கு முன் அக்காவும் அப்படி ஒரு வேனில் பெந்தோட்டைக்குப் போனாள். தென்னை மரத்தடியில் பதினைந்து பேருக்குச் சோறு வடித்தாள். பாத்திரம் கழுவி முடித்துக் கடலில் முழங்கால் நனைத்த கொஞ்ச நேரத்தில் டிரைவர் ஹார்ன் அடித்துவிட்டான். மலை ஏறுவதற்குள் இருட்டிவிடுமாம்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசை. சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க வேண்டும். எங்கள் லயத்துக்கு மேற்கே நெட்டுக்குத்தாக மலை நிற்கிறது. நாலரைக்கே சூரியன் அதன் பின்னால் போய்விடும், பிறகு வெறும் குளிர்தான். "வேன் இல்லாமப் போவோம்க்கா. ஹார்ன் அடிக்க ஆளே இருக்காது" என்று நான்தான் ஆசை காட்டினேன்.

முந்தின நாளே அக்கா என் அறைக்கு வந்துவிட்டாள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஹட்டனில் கொழும்பு பஸ். இருவருக்கும் ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். கித்துல்கல வரைக்கும் வளைவுகள் குடலைப் புரட்டும். எலுமிச்சம்பழமும் பையும் கையிலேயே இருக்கட்டும். பன்னிரண்டரைக்குக் கொழும்பு புறக்கோட்டையில் இறங்கிச் சாப்பிட்டு, கோட்டை ஸ்டேஷனில் கரையோர ரயில் பிடிப்பதாகத் திட்டம். அந்த மூன்றரை மணி ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம். ஏறியபோது நிற்கக்கூட இடமில்லை. வலது பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் எழுதுகிறேன். எங்களுக்குத் தெரிந்தது ஆட்களின் முதுகு மட்டும்தான். அறை எடுத்திருந்த பேருவளையில் இறங்கும்போது இருட்டிவிட்டது. முதல் சாயங்காலம் அப்படிப் போனது.

அறையை ஏற்பாடு செய்து தந்தவர் நோர்வூட்டில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர். அவருடைய சொந்தக்காரர் வீடு, கொழும்பு-காலி ரோட்டிலிருந்து உள்ளே பத்து நிமிட நடை. ஒரு இரவுக்கு மூவாயிரத்து ஐந்நூறு, காலைச் சாப்பாடு சேர்த்து. வீட்டுக்காரப் பெண்மணியைத் தாத்தா என்று கூப்பிட வேண்டும். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நாளைக்கு அந்தி வரைக்கும் இருந்து பார்த்துட்டு வாங்கொ" என்றார் அந்தத் தாத்தா. "ராவெல்லாம் பஸ் ஈக்கி. பயப்பட ஒண்ணுமில்ல."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பெந்தோட்டைக் கடற்கரையில் இருந்தோம். பேருவளையிலிருந்து ஏழு கிலோமீட்டர்தான், அரை மணி நேரம்கூட ஆகாது. நாங்கள் போகும்போதே எதிர்ப்பக்கம் வரிசையாக பஸ்கள் வந்துகொண்டிருந்தன. அக்கா அந்தத் தென்னை மரத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். அல்லது ஏதோ ஒரு மரத்தை அதுதான் என்று முடிவு செய்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அலை வரும்போதெல்லாம் கத்தினாள். அவள் கத்தி நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காக இந்தப் பயணத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம்.

நாலேகால் இருக்கும். "மணி என்னா?" என்றாள். சொன்னேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டாள். நாலரைக்குத் துவாயை உதறி மடிக்க ஆரம்பித்துவிட்டாள். சூரியன் இன்னும் கடலுக்கு மேலே நல்ல உயரத்தில்தான் நின்றது. இறங்க ஆறேகால் தாண்டும்.

"எங்கக்கா கிளம்புற?"

"கடைசி பஸ் போயிரும்டி."

இங்கே கடைசி பஸ் என்று ஒன்றே இல்லை, இது கொழும்புக்கும் காலிக்கும் நடுவில் உள்ள பெரிய ரோடு என்றேன். பக்கத்தில் மாங்காய் வெட்டி மிளகாய்த்தூள் போட்டு விற்றுக்கொண்டிருந்த அம்மாவைக் கேட்கச் சொன்னேன். கேட்டாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, விடிய விடிய பஸ் ஓடும், பயப்படாமல் உட்கார் என்று சிங்களத்தில் சொன்னார். அக்காவுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும்.

"அவங்க சொல்லுவாங்க. அவங்க ஊரு."

"நாம தோட்டத்துக்குப் போகலக்கா. ரூமுக்குத்தான் போறோம்."

"அது தெரியாமலா இருக்கு எனக்கு? தெரிஞ்சும் உக்கார முடியலடி. நான் என்னா செய்ய?"

எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவுக்கு, மேல் டிவிஷனுக்கு, நோர்வூட்டிலிருந்து கடைசி பஸ் மாலை ஐந்தேகாலுக்கு. தவறவிட்டால் ஏழு கிலோமீட்டர் தேயிலைக்குள் நடக்க வேண்டும், அதுவும் சிறுத்தை நடமாடும் வழியில். ஆட்டோக்காரர்கள் ஆயிரத்து ஐந்நூறு கேட்பார்கள், மழை பெய்தால் அதற்கும் வர மாட்டார்கள். கிளினிக் போனாலும், கல்யாணத்துக்குப் போனாலும், கோயில் தேர் பார்க்கப் போனாலும் எங்கள் ஆட்கள் நாலரைக்கு எழுந்துவிடுவார்கள். தேர் பாதி வழியில் நிற்கும், இவர்கள் பஸ் ஸ்டாண்டில் நிற்பார்கள். அக்காவுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு நாலரை மணி என்றால் பஸ்ஸுக்கு எழும் நேரம்தான்.

கையைப் பிடித்து உட்கார வைத்தேன். உட்கார்ந்தாள், ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டி, மரங்களுக்கு நடுவே ரோடு தெரியும் பக்கமாக. ஒவ்வொரு பஸ் போகும்போதும் எழப்போனாள். ஐந்து மணிக்கு எனக்கே மனசு கேட்கவில்லை. "சரி வா" என்றேன்.

ஞாயிறு சாயங்காலம் அளுத்கம பாலத்துக்கு முன்னால் வாகனங்கள் நகராது என்பதை யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். அந்த நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். கண்டக்டரின் முகம், கம்பிகள், அக்காவின் மூக்குத்தி எல்லாம் சிவப்பானது. ஒரு ஹார்ட்வேர் கடையின் போர்டுக்குப் பின்னால் சூரியன் இறங்கிப் போனது. அக்கா குனிந்து குனிந்து பார்த்தாள். போர்டுதான் தெரிந்தது.

பேருவளையில் இறங்கியபோது நன்றாக இருட்டிவிட்டது. அறைக்கு நடக்காமல் அக்கா அந்த பஸ் ஹோல்ட்டிலேயே நின்றாள். பெந்தோட்டைப் பக்கமிருந்து இன்னொரு பஸ் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. மூன்றாவதில் பாதி சீட் காலி. கண்டக்டர் எங்களைப் பார்த்து "கொழும்பு, கொழும்பு" என்று கூவிவிட்டுப் போனான். அதன் பின்விளக்கு மறையும் வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அக்காவை வீட்டில் விட்டுவர நானும் ஹட்டனைத் தாண்டிப் போனேன், திங்கள் மாலை நாலரைக்கு நோர்வூட்டில் இறங்கினோம். மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் அக்கா நின்றாக வேண்டும். ஐந்தேகால் பஸ் ஆறு மணியாகியும் வரவில்லை. அது ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்குப் போய்விட்டதாகப் பழக்கடைக்காரர் சொன்னார். "ஆட்டோ பாக்குறீங்களா தங்கச்சி? இந்நேரத்துக்கு அவங்களும் மேல வர மாட்டாங்களே" என்றார். நினைத்தபடியே இரண்டு பேர் மறுத்தார்கள். மூன்றாவது ஆள் வழியில் உள்ள பாலம் வரைக்கும் மட்டும் என்றான். பாலத்திலிருந்து நாலு கிலோமீட்டர் நடந்தோம்.

அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கடலில் நின்ற அந்த ஒரு மணி நேரத்தை விட்டால், மூன்று நாளில் அவள் பதற்றமில்லாமல் இருந்தது அப்போதுதான். அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய மாரியம்மன் கோயில் திரும்பும் இடத்தில் நின்று, "அங்கன அத்தன பஸ்ஸு சும்மாவே போச்சுடி" என்றாள்.

போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வாரநாளில் போங்கள். அறையைப் பெந்தோட்டையிலேயே, கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் எடுங்கள். கூட ஆயிரம் ரூபாய் போனாலும் பரவாயில்லை, பஸ்ஸைப் பற்றிய நினைப்பே வராது. எங்கள் பக்கத்து ஆட்களைக் கூட்டிப் போனால், போய்ச் சேர்ந்த முதல் இரவே சாப்பிட்டபின் ஒரு தடவை ரோட்டோரமாக நிற்க வையுங்கள். பஸ் ஓடுகிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், பார்த்தால்தான் நம்புவார்கள். எனக்கு இது பிறகுதான் தோன்றியது.

பெந்தோட்டையிலிருந்து பேருவளைக்கு இரவு முழுக்க பஸ் உண்டு. நோர்வூட்டிலிருந்து எங்கள் மேல் டிவிஷனுக்கு மாலை ஐந்தேகாலுக்கு, வந்தால்.